ஆவுடையின் ஏழு கிலோ இருநூறு

எடை விஷயத்தில் நான் பொய் சொல்வதே கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் முப்பத்தைந்து வயதுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். ஆகவே ஆவுடையைப் பற்றி இங்கே எழுதுவதில் ஒரு கிராம் கூடுதல் குறைச்சல் இருக்காது என்று நம்பலாம்.

எழுபத்தெட்டாம் வருஷம். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் செல்லப்பா அண்ணாச்சியின் கமிஷன் கடையில் நான்தான் நிறுவைக்காரன். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் பூப் பயிரிடுகிற சம்சாரிகள் விடிகிற நேரத்துக்கு மல்லிகையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் நிறுத்து எடையைக் கூவுவேன். அண்ணாச்சி அதைச் சீட்டில் எழுதுவார். நான் கூவியதை அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

அவர் அப்பா காலத்துத் தராசு அது. கூரையில் இருந்து தொங்கும். ஒரு பக்கம் படிக்கல் தட்டு, ஒரு பக்கம் பூத் தட்டு. பூத் தட்டு தொங்கும் கொக்கியைத் தண்டின் மேல் தள்ளலாம். அதற்காகத் தண்டில் நாலு வெட்டு உண்டு. கொக்கி கடைசியில் கிடந்தால் பத்துக் கிலோ பூ பத்துக் கிலோதான். ஒரு வெட்டு உள்ளே தள்ளினால் பத்துக் கிலோ ஒன்பது கிலோ ஆகும். இரண்டு வெட்டு தள்ளினால் எட்டு. வெட்டுகள் வெளியே தெரியாதபடி தண்டு முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்திருப்போம். எங்கள் தராசைப் போலப் பக்தியான தராசு மார்க்கெட்டிலேயே கிடையாது.

பங்குனி வரைக்கும் கொக்கி அதன் இடத்தில் ஒழுங்காகக் கிடக்கும். சித்திரை பிறந்தால் பூ குவியும். விலை விழும். அப்போது அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டே, "வே மூக்காண்டி, சீசன் ஆரம்பிச்சிட்டு. தராசைப் பாத்துக்கிடும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மாதம் பிறந்தால் நான் ஒரு வெட்டு உள்ளே தள்ளுவேன். எத்தனையாவது வெட்டில் கிடக்கிறது என்று அவர் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். அந்தத் தராசை அவர் கையால் தொட்டதே இல்லை. யாராவது சந்தேகப்பட்டால் கற்பூரத்தை ஏற்றி, "இந்தத் தராசுல என் கை பட்டதில்ல" என்று அடித்து அணைப்பார். சத்தியமான சத்தியம். பதினைந்து வருஷமாகத் தொடாமலும் கேட்காமலும் இருந்ததில் அவருக்கே அந்தத் தராசின்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. உலகத்தில் எல்லாத் தராசும் கோணல், தன்னுடையது ஒன்றுதான் நேர் என்று மனசார நினைத்தார்.

அண்ணாச்சிக்கும் சுப்புலட்சுமி மதினிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் ஆவுடை. ஏழாம் மாதம், பங்குனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏலம் முடிந்ததும் மதினி பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்துவந்து, "நம்ம தராசுல ஒருக்கா வச்சுப் பாருங்களேன்" என்றார். பூத் தட்டில் வாழையிலை விரித்து உட்கார வைத்தோம். ஏழு கிலோ இருநூறு. நான் பூவுக்குக் கூவுவதைப் போலவே கூவினேன். மார்க்கெட்டே சிரித்தது. அண்ணாச்சி சாக்குமேல் எழுதினார். இனி மாதம் பிறந்த முதல் வெள்ளிதோறும் நிறுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

சித்திரை பிறந்தது. நான் கொக்கியை ஒரு வெட்டு தள்ளினேன். வெள்ளிக்கிழமை பிள்ளையை வைத்தோம். ஏழு கிலோ இருநூறு.

"ஒரு மாசமா ஒரு கிராம் ஏறலையே" என்றார் மதினி.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை எட்டுக் கிலோ ஆகியிருக்கிறாள், அதில் என் கொக்கி எண்ணூறு கிராமைத் தின்றுவிட்டது. ஆனால் இருபது சம்சாரிகள் சீட்டுக்குக் காத்துக்கொண்டு சுற்றி நிற்கையில் இதை எந்த வாயால் சொல்வது. "பல்லு முளைக்கிற சமயம் மதினி, எல்லாச் சத்தும் பல்லுக்குப் போயிரும்" என்றேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், பத்து மணிக்கு நேந்திரங்காய்ப் பொடி, மதியம் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, மூன்று மணிக்கு உளுந்தங்களி, பொழுது சாய்ந்ததும் பனங்கற்கண்டு போட்ட பால். நடுவில் பிள்ளை கொட்டாவி விட்டால் அந்த வாய்க்கும் ஒரு உருண்டை.

வைகாசி பிறந்தது. இரண்டாவது வெட்டு. ஏழு கிலோ இருநூறு.

மதினி அழுதார். அண்ணாச்சி சாக்கில் எழுதியிருந்த மூன்று எடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளை சவலையாயிட்டா வே" என்றார். அவர் இடுப்பில் இருந்த சவலைப் பிள்ளையின் தொடையில் நாலு மடிப்பு இருந்தது. காலில் கிடந்த தண்டையைக் கழற்ற முடியாமல் ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்து எடுத்திருந்தார்கள். ஆனாலும் தராசு ஏழு கிலோ இருநூறு என்று சொல்லிவிட்டதே. வியாபாரக் குடும்பம், கண்ணை நம்பித் தராசைச் சந்தேகப்படுகிற வழக்கம் கிடையாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையை மறுபடி நிறுக்கப் போவதாக மதினி சொன்னதால், அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கடைக்கு வந்து கொக்கியைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். மதினி முகத்தில் ஒருநாள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாம் என்று எண்ணம். பார்த்தால், மதினி முதல்நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிவகிரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போன பஸ்ஸில் மதினி பிள்ளையோடு இடதுபக்கம் உட்கார்ந்ததால் கண்டக்டர் ஆறு ஆளை எழுப்பி வலதுபக்கம் உட்கார வைத்த பிறகே வண்டி நேராக ஓடியது என்று பிறகு கேள்விப்பட்டேன். இங்கே கடையில் வந்த பூவெல்லாம் சரியான எடைக்கு நின்றது. கரிவலத்துப் பிச்சம்மாள் தன் கூடையின் எடையைக் கேட்டுவிட்டு, "ஏலே, திருப்பிச் சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் தட்டைக் கும்பிட்டாள்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "என்னவே, பூவெல்லாம் ஒரே நாள்ல பெருத்துட்டு?"

"மழை அண்ணாச்சி. பூவுக்குள்ள தண்ணி."

"எங்கன மழை?"

"சிவகிரிப் பக்கம்."

"பூ கரிவலத்துல இருந்துல்லா வருது."

"சாரல் அடிச்சிருக்கும்."

மறுநாள் கொக்கியை இரண்டாவது வெட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

அதோடு பிச்சம்மாளின் சங்கடமும் சேர்ந்துகொண்டது. அவளுக்குப் புருஷன் இல்லை. அரை ஏக்கர் மல்லிகையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளு நல்லா இருந்துச்சு, திரும்ப எளைச்சுட்டே. கடலைப் புண்ணாக்கு கரைச்சு ஊத்துதேன், ஆட்டுச் சாணி போடுதேன், பூவுக்குச் சத்து ஏறவே மாட்டேங்கு" என்று மதினியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். மதினி, "எம் பிள்ளையும் அப்படித்தான்க்கா" என்பார். இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த மாதம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் நிஜமாகவே இரண்டு கிலோ இளைத்தேன்.

ஆனி பிறந்தது. மூன்றாவது வெட்டு. ஏழு கிலோ இருநூறு.

இதற்குள் அண்ணாச்சி வீட்டுத் தொட்டில் கொக்கி மச்சில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துத் தறிக்கூடத்தின் இரும்பு உத்தரத்தில் மூன்று சேலையை ஒன்றாகச் சேர்த்துத் தொட்டில் கட்டினார்கள். தொட்டில் ஆட ஆட உத்தரம் ஆடியது. உத்தரம் ஆட ஆட விசைத்தறி நாலும் கூடவே ஆடியது. அந்த வாரம் நெய்த வேட்டிகளில் கரையெல்லாம் அலை அலையாக விழுந்துவிட்டது. மதுரையில் இருந்து வந்த வியாபாரி புது டிசைன் என்று மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வாரமும் அதே டிசைன் வேண்டும் என்று கடிதம் எழுதினான். பிள்ளையை இன்னும் கூடுதல் நேரம் தூங்க வையுங்கள் என்று தறிக்காரர் மதினியிடம் கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. ஆறாம் மாதத்தில் குப்புற விழுந்து நீந்தின பிள்ளை, பத்தாம் மாதத்தில் திரும்பிப் படுக்கவே மூச்சு வாங்கினாள். தவழவில்லை. வைத்த இடத்தில் அம்மிக்கல் மாதிரி இருந்தாள். ஒருநாள் சீட்டுப் புத்தகம் எடுக்க வீட்டுக்குப் போனபோது மதினி ஒரு கையால் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கூழை ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை கக்கினாள். மதினி துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தார்கள். புத்தகத்தை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். சொன்னால் என் வேலை போகும், அண்ணாச்சி கடை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னாலாவது நம்புவார்கள் என்று நினைத்து, நான்தான் ஜெயசிங் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். துணைக்கு நானும் போனேன். டாக்டர் பிள்ளையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன குடுக்கீங்க இவளுக்கு?"

மதினி சொல்லத் தொடங்கினார். மதியச் சோறு வரைக்கும் வந்ததும் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "பாதியாக் குறைங்க. கீழ விடுங்க, உருளட்டும். இப்படியே போனா எப்ப நடக்க? நெஞ்சுக்கும் நல்லதில்ல."

"சவலைப் பிள்ளைக்குச் சோத்தைக் குறைக்கச் சொல்லுதீங்களே" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பிள்ளையைத் தன் தராசில் வைத்தார். பத்துக் கிலோ முந்நூறு.

அண்ணாச்சி அந்தத் தராசைக் குனிந்து பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு டாக்டரை ரொம்ப இரக்கமாகப் பார்த்தார். "சுருள்கம்பித் தராசா டாக்டர்? உங்க மேல தப்பு இல்ல. இதுல மூணு கிலோ கூடுதலாக் காட்டுது. பாவம், எத்தனை பிள்ளைகளுக்குக் கூட்டிச் சொல்லியிருக்கீங்களோ. நாளைக்கு நம்ம கடைக்கு அனுப்புங்க, மூக்காண்டி சரி பண்ணித் தருவான். தராசுல அவனை மாதிரிக் கைகாரன் கிடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மதினி முடிவாகச் சொன்னார். "இனி ஆத்தா விட்ட வழி. ஆடி மொத வெள்ளிக்கு எம் பிள்ளையைத் துலாபாரத்துல வச்சு, எடைக்கு எடை வெல்லம் குடுக்கேன். அதுக்கப்புறமாவது ஏறுதான்னு பாப்போம்."

ஆடி பிறந்தது. நாலாவது வெட்டு. அதற்கு மேல் தண்டில் வெட்டு கிடையாது. வெள்ளிக்கிழமை காலை கடையில் நிறுத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏழு கிலோ இருநூறு. பூத் தட்டின் சங்கிலி ஒரு கண்ணி நீண்டுவிட்டிருந்தது.

அண்ணாச்சி வெல்லக் கடையில் எட்டுக் கிலோ வாங்கினார். பிள்ளை எடைக்கு ஏழே இருநூறு, மிச்சம் ஆத்தாளுக்குக் கைநிறைய. பூ இறக்கின சம்சாரிகள் எல்லாரும், ஆடி வெள்ளி ஆயிற்றே, கூடவே கோவிலுக்கு வந்தார்கள். முன்னால் பிச்சம்மாள்.

கோவில் துலாபாரத் தட்டில் மதினி பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கையை எடுத்தார். தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. எதிர்த் தட்டில் அண்ணாச்சி எட்டுக் கிலோ வெல்லத்தையும் அடுக்கினார். பிள்ளை அசையவில்லை. வெல்லம் அந்தரத்தில் நின்றது.

"ஆத்தா ஏத்துக்கிட மாட்டேங்காளே" என்று மதினி வாயைப் பொத்திக்கொண்டார்.

துலாபாரக்காரர், "இன்னும் கொண்டாங்கய்யா" என்றார். இரண்டு கிலோ ஓடிப்போய் வாங்கி வந்தோம். பிள்ளை அசையவில்லை. இன்னொரு கிலோ. பிள்ளை லேசாக ஒரு ஏப்பம் விட்டாள். கடைசியாக இன்னும் ஒரு கிலோ. தட்டு மெல்ல மெல்லத் தரையை விட்டுக் கிளம்பி, வெல்லத்துக்குச் சரிக்குச் சரியாக வந்து நின்றது. இதற்கு முன் ஒருமுறைகூட இவ்வளவு உயரத்துக்குப் போகாத ஆவுடை கைகொட்டிச் சிரித்தாள்.

"பன்னெண்டு கிலோ" என்றார் துலாபாரக்காரர்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோயில் தராசுல ஏதோ கோளாறு" என்றார்.

மதினி அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எம் பிள்ளைக்கு ஏழுதானா?"

அந்த முகத்தை நானும் பார்த்தேன், அண்ணாச்சியும் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை பிழைக்கும். அவர் வாயைத் திறந்தார். பிள்ளையைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார். சுற்றி நின்ற சம்சாரிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு பதினைந்து வருஷமாகக் கேட்காத கேள்வியை, அத்தனை பேர் முன்னால், கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வே மூக்காண்டி. கொக்கி எங்கன கிடக்கு?"

"நாலாவது வெட்டுல அண்ணாச்சி. பிள்ளைக்குப் பன்னெண்டு கிலோ. தராசுக்குத்தான் ஏழு."

முதலில் புரிந்துகொண்டது மதினி. கொக்கி, வெட்டு எதுவும் அவர் காதில் விழவில்லை. பன்னிரண்டு மட்டும் விழுந்தது. பிள்ளையைத் தட்டில் இருந்து அப்படியே வாரி எடுத்துக்கொண்டு, "பன்னெண்டு, எம் பிள்ளை பன்னெண்டு" என்று பிரகாரத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினார். அறிமுகமே இல்லாத ஒரு போலீஸ்காரரிடம் சொன்னார். அவரும் சந்தோஷமாக, "நல்லதும்மா" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரால் எப்படி ஓட முடிந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

இரண்டாவதாகப் புரிந்துகொண்டது பிச்சம்மாள். "மொதலாளி" என்றாள். "பன்னெண்டு கிலோப் பிள்ளை உங்க கடையில ஏழு. அப்ப எம் பூ?"

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நாலு மாசமா எம் பூ எளைச்சுக் கிடக்குன்னு வேருக்கு வேர் புண்ணாக்கு ஊத்தினேன். செடிகிட்ட உக்காந்து அழுதிருக்கேன். நல்லா இருந்த செடியை நானே திட்டியிருக்கேன், மொதலாளி."

"தராசுல என் கை..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"கை படல. தெரியும். உங்க பிள்ளை வாயில கூழைத் திணிச்சதும் தராசுதானா, உங்க கை படலயா?"

அண்ணாச்சி பிரகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு சம்சாரி முதலில் சிரித்தார். சொந்தத் தராசு சொந்தப் பிள்ளையை ஏமாற்றியதை நினைத்துச் சிரித்தாராம். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தாங்கவில்லை. கடைசியில் பிச்சம்மாளும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கோபம் போகவில்லை, சிரிப்பும் வந்துவிட்டது.

ஏமாந்த எடைக்கு ஈடாக நாலு மாதம் கொக்கியை வெளிப்பக்கம் நீட்டி வைத்து நிறுக்க வேண்டும் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "அப்ப எம் பிள்ளை எவ்வளவு காட்டுவா?" என்று அந்நேரம் திரும்பி வந்த மதினி கேட்டார். பதினாறைத் தாண்டும் என்றேன். மதினி உடனே அந்தக் கட்சிக்குப் போய்விட்டார்.

பிச்சம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏட்டி, போதும் ஒன் ஆசை. தராசு நேரா நின்னாப் போதும். அது நேரா நிக்கான்னு பாக்க இந்தப் பிள்ளையே போதும்" என்றாள்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. வியாழக்கிழமைதோறும் ஜெயசிங் டாக்டர் தன் தராசில் ஆவுடையை நிறுத்து ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமை காலையில் முதல் கூடை ஏறுவதற்கு முன் ஆவுடை ஏறுவாள். டாக்டர் சீட்டும் எங்கள் தட்டும் ஒத்துப்போனால்தான் பூ இறங்கும். மார்க்கெட்டில் வேறு எந்தக் கடையிலும் சிரிக்கிற படிக்கல் கிடையாது. மாதம் பாதி போவதற்குள் மற்ற கடைச் சம்சாரிகளும் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கடைக்காரர்கள் தங்கள் வீட்டில் பிள்ளை உண்டா என்று தேடினார்கள். ஒருவருக்கு இருந்த பிள்ளை காலேஜில் படித்துக்கொண்டிருந்தது.

கோவிலிலிருந்து வந்த அன்றே அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார். மதினி விடவில்லை. "ஒரே வார்த்தையில எம் பிள்ளைக்கு அஞ்சு கிலோ ஏத்தின மனுசன். அவரை அனுப்பிட்டு வேற யாரை வைப்பீங்க?" என்றார். அஞ்சு இல்லை, நாலு கிலோ எண்ணூறு. திருத்தவில்லை.

களியும் கூழும் பாதியாகக் குறைந்தன. பிள்ளையைக் கடைச் சாக்குகளுக்கு நடுவில் கீழே விட்டார்கள். ஆவணியில் உருண்டாள், கடைசி வாரத்தில் தவழ்ந்தாள். ஐப்பசியில் பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றதும் ஓடத்தான் தெரிந்தது அவளுக்கு, நடை பிறகுதான் வந்தது. டாக்டர் சீட்டில் பதினொன்று எண்ணூறு என்று எழுதி வந்த வெள்ளிக்கிழமை மதினிக்கு உதடு துடித்தது. "இருநூறு குறைஞ்சிட்டே மூக்காண்டி."

"ஓடுன ஓட்டத்துல போயிருக்கும் மதினி. திரும்ப வரும்."

"வருமா?"

"கொக்கியைத் தொடாமலே வரும்."

ஆனால் அன்று எங்கள் தராசில் பதினொன்று எண்ணூற்றைம்பது காட்டியது. டாக்டர் சீட்டைவிட ஐம்பது கிராம் கூடுதல். சம்சாரிகள் முனகினார்கள். அண்ணாச்சி தராசுப் பக்கம் போகாமல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கிக் காட்டினேன். பிச்சம்மாள் மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, ஆவுடையின் மூடிய கைகளை உற்றுப் பார்த்தாள். பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஏ மக்கா, கையைத் தொற."

திறக்கவில்லை. பிச்சம்மாள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவளுடைய கூடையில் இருந்து எப்போதோ அள்ளிய மல்லிகை மொக்கு, வியர்வையில் கசங்கி, இரண்டு கை நிறைய.

"இது என் கணக்கு" என்றாள் பிச்சம்மாள். எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்பக் கூவு" என்றாள்.